ஒரே கட்டடம், ஒரே நோயாளி, இரண்டு ஃபைல்: பல் பிரிவையும் மருத்துவப் பிரிவையும் சேர்க்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: குடும்ப மருத்துவர்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு சமூக சுகாதார மையத்தில் ஒன்பது வருடங்களாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். இதே மாதிரி மையங்களில் வேலை பார்க்கும் பல் மருத்துவர்கள், மெடிக்கல் அசிஸ்டென்ட்கள், பில்லிங் பார்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், வீடுகளுக்குக் கூரை போடும் வேலை. சர்க்கரை நோய் உண்டு. ஒரு வருடத்துக்குள் அவருடைய ஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) 7.6-இலிருந்து 9.4-க்கு ஏறிவிட்டது. மெட்ஃபார்மினைக் கூட்டினேன், இன்னொரு மாத்திரை சேர்த்தேன், இன்சுலின் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "சாப்பாட்டில் கவனமாக இருக்கிறீர்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "இருக்கிறேன் டாக்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொல்வார். நான்காவது விசிட்டில்தான், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, வாய் தவறியது போலச் சொன்னார்: வலது பக்கம் மெல்ல முடியவில்லையாம். மூன்று மாதமாகவே மென்மையான ரொட்டி, சூப், சோடா. இறைச்சி, காய், பருப்பு எதையும் கடிக்க முடியவில்லை.

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பாதி இல்லை. பக்கத்து ஈறு வீங்கி, லேசாக அழுத்தினாலே சீழ் வந்தது. முன்பற்களைச் சுற்றியும் ஈறு சிவந்து இறங்கியிருந்தது.

அந்த வருடம் முழுக்க நான் அவருடைய காலுறையைக் கழற்றிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கண் பரிசோதனைக்கு அனுப்பினேன். சிறுநீரில் புரதம் பார்த்தேன். வாயை மட்டும் பார்க்கவில்லை. சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும் என்று படித்தவள்தான் நான். ஆனால் வாய் என்பது வேறு யாரோ பார்க்க வேண்டிய இடம் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

சரி, அன்றைக்கே ரெஃபரல் எழுதினேன். எங்கள் பல் பிரிவு அதே தளத்தில், தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. என் அறையிலிருந்து நாற்பது அடி எடுத்து வைத்தால் போதும். ஆனால் அவர்களுக்கு வேறு சாஃப்ட்வேர், வேறு ஃபோன் எண், வேறு அப்பாயின்ட்மென்ட் பட்டியல். அவருக்கு அழைப்பு போனது பதினோரு வாரம் கழித்து. அதற்குள் அவர் ஃபோன் எண்ணை மாற்றிவிட்டார். புது எண் எங்கள் பக்கத்து ஃபைலில் இருந்தது, அவர்கள் பக்கத்தில் இல்லை. இதற்கு நடுவில் ஓர் இரவு முகம் வீங்கி அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார். ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் கொடுத்து, "உங்கள் பல் மருத்துவரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கென்று எந்தப் பல் மருத்துவர் இருக்கிறார்?

இப்போது நன்றாக இருக்கிறார். பல்லை எடுத்தாகிவிட்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மேலே இருப்பவர்களிடம் பேசினால், "நம்மிடம்தான் பல் பிரிவு இருக்கிறதே, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழேதானே" என்கிறார்கள். கூரை ஒன்றுதான். அதற்குக் கீழே ஒருவரை ஒருவர் தெரியாமல் இரண்டு கிளினிக் நடக்கிறது.

கேட்க வேண்டியது இதுதான். எனக்கு ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிடம். அதில் வாய்க்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும், யார் பார்ப்பது, பார்த்த பிறகு அந்த மனிதரைப் பல் மருத்துவரின் நாற்காலி வரை எப்படிக் கொண்டு சேர்ப்பது? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை தொடங்கக்கூடிய ஒரு சின்ன வேலையைச் சொல்லுங்கள். செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: பல் மருத்துவர், சுகாதார மையத்தில் 14 வருடம்

டாக்டர், நாற்பது அடி என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எங்கள் பழைய தாழ்வாரம்தான் ஞாபகம் வந்தது.

இந்தப் பிரிவினை உங்கள் மையத்தில் பிறந்ததில்லை. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் பால்டிமோரில் மருத்துவப் பள்ளியோடு சேராமல் தனியாகத்தான் தொடங்கியது. படிப்பு பிரிந்தது, பிறகு காப்பீடும் அதே வழியில் போனது. 1965-இல் முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் சட்டம் வந்தபோது வழக்கமான பல் சிகிச்சையை அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். அதே 1965 டிசம்பரில்தான் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட்டில் ஜாக் கெய்கரும் கவுன்ட் கிப்சனும் முதல் சுகாதார மையத்தைத் திறந்தார்கள். அவர்கள் மிசிசிப்பியில் நடத்திய மையத்தில், பசியால் நோயுற்ற குழந்தைகளுக்கு உணவையே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அதை மருந்துக் கணக்கில் சேர்த்தார்கள். மனிதரை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று தொடங்கிய இடம் இது. இன்றைக்கும் சுகாதார மையச் சட்டத்தின் கட்டாய சேவைகளில் தடுப்புப் பல் சிகிச்சை இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது கூடுதல் சலுகை இல்லை. மேலே பேசும்போது இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

திங்கட்கிழமைக்கான வேலை: ரெஃபரல் எழுதுவதை நிறுத்துங்கள். கையோடு கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். நீங்களே போக வேண்டாம், உங்கள் அசிஸ்டென்ட் போகட்டும். அதற்கு நாங்கள் என்ன செய்தோம் என்றால், காலை 11 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் ஒவ்வோர் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்தோம். மருத்துவப் பக்கத்திலிருந்து கையோடு வருபவருக்கு மட்டும். அந்த இருபது நிமிடத்தில் பல்லைச் சரிசெய்ய முடியாதுதான். ஒரு எக்ஸ்ரே எடுக்கலாம், வலிக்கு வழி செய்யலாம், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை எதிரிலேயே உட்கார வைத்துக் கொடுக்கலாம். முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவர் திரும்பி வருவார். ஃபோனில் மட்டும் அழைக்கப்பட்டவரில் பலர் வருவதில்லை.

முதல் மாதம் அந்த இடங்கள் பாதி நாள் காலியாகவே கிடந்தன. மேலாளர் எடுத்துவிடச் சொன்னார். மூன்று மாதம் கேட்டு வாங்கினேன். மருத்துவர்களுக்குப் பழக்கமாக அவ்வளவு நாள் ஆகிறது. உங்கள் பல் மருத்துவரிடமும் இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது ஒரு வழிப் பாதையாக இருக்கக் கூடாது. எங்கள் நாற்காலியில் உட்காரும் எல்லோருக்கும் ப்ரெஷர் பார்க்கிறோம். பல் சுத்தம் செய்ய வந்த ஒருவருக்கு 210-க்கு 118 இருந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது. பத்து வருடமாக டாக்டரிடம் போகாதவர், பல்லுக்காக மட்டும் வந்தவர். அன்றைக்குச் சுத்தம் செய்வதை ஒத்திவைத்துவிட்டு அவரைக் கையோடு எங்கள் மருத்துவப் பக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். ஈறு மிக மோசமாக இருப்பவர்களுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஏ1சி பார்ப்பதும் உண்டு.

உங்களிடமிருந்து எங்களுக்கு என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட்டோ டெனோசுமாப்போ தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை வாயைக் காட்டச் சொல்லுங்கள். தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது, புற்றுநோய்க்காக அதிக அளவில் வாங்குபவர்களுக்கு இன்னும் அதிகம். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தச் சொல்லி அனுப்பாதீர்கள். ப்ரெஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுபவரின் ஈறு பற்களுக்கு மேலே வளர்ந்து வந்தால் அது மருந்தின் வேலையாக இருக்கலாம், எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். மன அழுத்த மாத்திரை, அலர்ஜி மாத்திரை என்று நாலைந்து சேரும்போது வாய் வறண்டு, ஈறை ஒட்டிய பல்லின் கழுத்தோரத்தில் சொத்தை மளமளவென்று வரும். இதெல்லாம் மருந்துப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தப் பட்டியல் உங்கள் சாஃப்ட்வேரில் இருக்கிறது.

ஈறு சிகிச்சை சர்க்கரையைக் குறைக்குமா என்று கேட்பார்கள். அளந்து சொல்லுங்கள். 2013-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் ஏ1சி குறையவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் வருட காக்ரேன் தொகுப்பில் மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைந்திருக்கிறது. உங்கள் கூரைக்காரருக்கு மெல்ல முடிந்தாலே சாப்பாடு மாறும், அது எந்தக் கணக்கிலும் வராத லாபம்.

பதில் 2: மெடிக்கல் அசிஸ்டென்ட், குழந்தைகள் பிரிவு

அக்கா, யார் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் பார்க்கிறோம். டாக்டர்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்ய வேண்டும் என்று நினைப்பதால்தான் எதுவும் தொடங்குவதில்லை என்பது என் எண்ணம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் இடத்தில் முதல் பல் முளைத்த நாளிலிருந்து, சொத்தையைத் தடுக்கப் பல்லில் பூசும் ஃபுளூரைடு வார்னிஷ் போடுகிறோம். தடுப்புச் சேவைகளுக்கான அமெரிக்கப் பணிக்குழு 2014-இலேயே இதைக் குழந்தை பார்க்கும் முதன்மை மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டது, 2021-இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மறுபடி உறுதி செய்தது. ஒரு வயதுக் குழந்தை பல் டாக்டரிடம் போகிறதோ இல்லையோ, தடுப்பூசிக்கு எங்களிடம் வந்தே ஆக வேண்டும். அதனால் இங்கேதான் பிடிக்க வேண்டும்.

செய்யும் முறை சொல்கிறேன். அம்மாவும் நானும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்காருவோம். குழந்தை அம்மாவைப் பார்த்தபடி அவர் மடியில். அப்படியே பின்னால் சாய்த்தால் தலை என் மடிக்கு வந்துவிடும். அம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். முதலில் மேல் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். மேல் முன்பல்லில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். ஓட்டை விழுவதற்கு முந்திய கட்டம், இன்னும் திருப்ப முடியும். பிறகு காஸ் துணியால் பல்லைத் துடைத்துவிட்டு, சின்னத் தூரிகையால் மெல்லிசாகப் பூச வேண்டும். எச்சில் பட்டதும் அது இறுகிவிடும். குழந்தை அழும். அழும்போது வாய் நன்றாகத் திறக்கும், வேலை சீக்கிரம் முடியும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், நாளைக்கு போய்விடும், இன்று இரவு தேய்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறந்தால் மறுநாள் ஃபோன் வரும்.

எங்களுக்கு எல்லாவற்றையும் மாற்றிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: வார்னிஷ் பாக்கெட்டைத் தடுப்பூசி தட்டிலேயே வைத்தோம். முன்பு அது ஸ்டோர் ரூமில் இருந்தது, எடுத்து வர மறந்துவிடுவோம். இப்போது தட்டில் இருப்பதால் ஊசியோடு அதுவும் முடிந்துவிடுகிறது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டாம், பொது ஆணை ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். எங்கள் மாநிலத்தில் எங்களைப் போன்றவர்கள் பயிற்சி எடுத்தால் பூசலாம். உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஸ்மைல்ஸ் ஃபார் லைஃப்' என்ற இணையப் பயிற்சி இலவசம், நான் அதில்தான் படித்தேன்.

பெரியவர்களுக்கு ப்ரெஷர், எடை பார்க்கும்போதே இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறோம். "சாப்பிடும்போது வாயில் எங்காவது வலிக்கிறதா?" "கடைசியாகப் பல்லைக் காட்டி எவ்வளவு நாள் இருக்கும்?" ஆரம்பத்தில் நான் இரண்டாவதைத்தான் முதலில் கேட்பேன். எல்லோரும் சுருங்கிப் போவார்கள். திட்டப் போகிறேன் என்று நினைத்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டே பதில் சொல்வார்கள். வலியைப் பற்றி முதலில் கேட்டால் மனசு திறந்து பேசுகிறார்கள். பல்லைப் பற்றி மனிதர்களுக்கு இருக்கும் வெட்கம் எடையைப் பற்றிக்கூட இல்லை அக்கா. உங்கள் நோயாளி நான்கு விசிட்டுக்கு அப்புறம் சொன்னாரே, அதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

பதில் 3: பல் மருத்துவர், கிராமப்புற மையம்

சகோதரி, எல்லோரும் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பினால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை நான் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மையத்தில் இரண்டு நாற்காலி, பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் ஒருவர், நான் வாரத்தில் மூன்று நாள். ஒரு வருடம் ஆர்வத்தோடு மருத்துவப் பக்கத்தில் எல்லோருடைய வாயையும் பார்க்கத் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான். ரெஃபரல் குவிந்தது. காத்திருப்பு ஐந்து மாதமானது. ஈறில் லேசாக இரத்தம் கசிபவருக்குப் பின்னால் சீழ் வைத்தவர் வரிசையில் நின்றார். ஒருவருடைய வாயைப் பார்த்து "உங்களுக்கு இங்கே நோய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஐந்து மாதம் கழித்து வா என்பது எனக்குக் கொடுமையாகப் பட்டது.

அதனால் இப்போது மூன்றாகப் பிரிக்கிறோம். முகம் வீங்கி, காய்ச்சலோ, விழுங்கச் சிரமமோ, வாய் திறக்க முடியாமலோ இருந்தால் நேராக மருத்துவமனை, அன்றே, காத்திருக்கக் கூடாது. தூங்கவிடாத வலி, சீழ், உடைந்த பல் என்றால் இரண்டு நாளுக்குள் என் நாற்காலி. மற்றவர்கள் ஹைஜீனிஸ்ட்டிடம், அல்லது அங்கேயே ஆலோசனை. எந்தக் குவியலில் யார் என்று முடிவு செய்ய மருத்துவப் பக்கத்தில் ஒரே ஒரு தாள்தான் சுவரில் ஒட்டியிருக்கிறது.

முதல் குவியலை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2007-இல் மேரிலாந்தில் 12 வயதுப் பையன் ஒருவன் சொத்தைப் பல்லிலிருந்து கிருமி மூளைக்குப் பரவி இறந்துபோனான். 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல் அது. இரண்டு மூளை அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேய்ட்டும் விட்டுப்போயிருந்தது. நான் அப்போது மாணவி. வகுப்பில் அதைப் பேசிய நாளில் யாரும் மதியம் சாப்பிடவில்லை.

நாற்காலி குறைவாக இருக்கும் இடத்தில் சில்வர் டைஅமைன் ஃபுளூரைடு பெரிய உதவி. 38 சதவீதக் கரைசல். துளைக்காமல், ஊசி போடாமல், ஒரு சொட்டைச் சொத்தையின் மேல் தடவினால் பல இடங்களில் அது பரவாமல் நின்றுவிடும். வருடத்துக்கு இரண்டு தடவை தடவ வேண்டியிருக்கும். சொத்தை இருந்த இடம் கறுத்துப்போகும், அதை முன்பே தாய்தந்தையரிடம் படம் காட்டிச் சொல்லி சம்மதம் வாங்க வேண்டும். சொல்லாமல் செய்து ஒரு பாட்டியின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன், பேத்தியின் முன்பல் அது. இனிமேல் எந்த அவசரத்திலும் அந்தத் தவறைச் செய்ய மாட்டேன்.

கர்ப்பிணிகளை மட்டும் எந்த வரிசையிலும் நிறுத்தாதீர்கள். "குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம்" என்று இன்றும் சொல்லி அனுப்புகிறார்கள். எக்ஸ்ரே, மரத்துப்போகும் ஊசி, பல் பிடுங்குவது எதுவும் கர்ப்பத்தில் தடையில்லை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பே 2013-இல் எழுதிவிட்டது. பல மாநிலங்களில் பெரியவர்களுக்கான மெடிக்கேய்ட் பல் காப்பீடு குறைவு. கர்ப்ப காலத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் இடங்களும் உண்டு. அந்தச் சில மாதம் சில பெண்களுக்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்பு.

கேள்வி கேட்டவர்

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. வலியை முதலில் கேட்க வேண்டும் என்பதை இன்றைக்கே எங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். காத்திருப்புப் பட்டியலைப் பற்றிச் சொன்னது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. எல்லோருடைய வாயையும் பார்க்கப் போவதில்லை. சர்க்கரை நோயாளிகளிலிருந்து மட்டும் தொடங்குகிறேன்.

ஆனால் பணம் பற்றிக் கேட்பார்கள். பதில் தெரியாமல் கூட்டத்துக்குள் போக விருப்பமில்லை.

பதில் 4: பில்லிங் மேற்பார்வையாளர்

மேடம், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை ஒவ்வொரு வரியோடும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் தரப்பில் வார்னிஷ் போட்டால் பில்லில் 99188 என்ற எண். சில மாநிலங்களில் மெடிக்கேய்ட் அதற்குப் பதில் பல் பக்கத்து எண்ணைக் கேட்கும். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பல் சிகிச்சை மெடிக்கேய்ட்டில் கட்டாயம், பெரியவர்களுக்கு மாநிலத்தின் விருப்பம். உங்கள் மாநிலம் எதைக் கொடுக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லா மருத்துவர் அறையிலும் வையுங்கள். காப்பீடே இல்லாதவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்த கட்டணக் குறைப்பு இருக்கிறதல்லவா, அது பல் பிரிவுக்கும் உண்டு. இதை நோயாளிகளிடம் யாரும் சொல்வதே இல்லை. பல் என்றாலே ஆயிரக்கணக்கில் ஆகும் என்று பயந்து வராமல் இருந்துவிடுகிறார்கள்.

நம் மாதிரி மையங்களுக்கு மெடிக்கேய்ட் ஒரு விசிட்டுக்கு இவ்வளவு என்று தொகை கட்டுகிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: ஒரே நாளில் மருத்துவ விசிட்டும் பல் விசிட்டும் நடந்தால் இரண்டுக்கும் பணம் வருமா? பல மாநிலங்களில் வரும். வந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போவது மையத்துக்கு நஷ்டமில்லை, வருமானம். எங்கள் மேலாண்மை இதைக் கேட்ட பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் பக்கத்தில் வார்னிஷ் மட்டும் தனி விசிட்டாகாது, குழந்தையின் செக்கப்போடு சேர்ந்துவிடும். ஆனால் பாக்கெட்டின் விலை குறைவு, கையைக் கடிக்காது.

சாஃப்ட்வேர் இணைப்புக்குக் காத்திருந்தால் நாளாகிவிடும். நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் மூடப்படாத ரெஃபரல் பட்டியலை அச்சடித்து, இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்க்கிறோம். ஃபோன் எண் பொருந்துகிறதா என்பதுதான் முதல் வேலை. பல் பக்கத்திலிருந்து "பார்த்தோம், இதைச் செய்தோம்" என்று குறிப்பு திரும்பி வரும் வரை எந்த ரெஃபரலையும் மூடுவதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது மேடம். நம் மையங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் நோயாளிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. மேலாளர் கேட்கவில்லை என்றால் அவர்களிடம் போங்கள். எங்கள் குழுவில் ஒரு அம்மா எழுந்து, தன்னுடைய பல்லைப் பற்றி மூன்று நிமிடம் பேசினார். நான் தயாரித்த அட்டவணையை அதற்கப்புறம் யாரும் புரட்டவே இல்லை, இடம் ஒதுக்க ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர், ஏழு வாரம் கழித்து

என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் தொடங்கினோம். காலுறையைக் கழற்றச் சொல்லும் அசிஸ்டென்ட்டே வலிக் கேள்வியையும் கேட்கிறார். நான் பாதத்தைப் பார்த்த பிறகு கை கழுவிக் கையுறை மாற்றிக்கொண்டு உதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஐம்பது வினாடிக்கு மேல் போகவில்லை. பல் பிரிவில் ஓர் இடம்தான் கொடுத்தார்கள், காலை 10.40. முதல் செவ்வாய் ஏழு பேரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கு உடனே போக வேண்டியிருந்தது, இடம் ஒன்று. எங்கள் பல் மருத்துவர் மதிய உணவு நேரத்தில் இரண்டாமவரைப் பார்த்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். ஒன்பது வருடத்தில் அவரோடு நான் பேசியது மொத்தமே பத்துத் தடவை இருக்கும். இப்போது வாரம் பத்துத் தடவை பேசுகிறோம்.

இரண்டாவது வாரம் ஒரு தவறு நடந்தது. சர்க்கரையோடு எலும்புத் தேய்மானமும் உள்ள ஒரு பெண்ணுக்கு டெனோசுமாப் ஊசி தொடங்கி நான்கு மாதமாகியிருந்தது. எழுதியது நான்தான், வாயைக் காட்டச் சொல்லவில்லை. அவருக்கு இப்போது ஒரு பல்லை எடுக்க வேண்டும். பல் மருத்துவரும் நானும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து, அடுத்த ஊசி எப்போது, எடுப்பதானால் எந்த வாரம், எடுக்காமல் ரூட் கேனாலில் காப்பாற்ற முடியுமா என்று பேசினோம். காப்பாற்றப் பார்க்கிறார். முதல் பதிலில் எழுதியிருந்ததைப் படித்திருக்காவிட்டால் எனக்கு அந்த ஊசி ஞாபகமே வந்திருக்காது.

வெள்ளிக்கிழமைப் பட்டியலும் தொடங்கிவிட்டது. முதல் நாள் மூடப்படாதவை எத்தனை என்று பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பாதிக்கு மேல் ஃபோன் எண் தவறு. அதைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

கூரைக்காரர் போன வாரம் வந்தார். ஏ1சி 8.1. மருந்தையும் மாற்றியிருப்பதால் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் மெல்லுகிறாராம். இன்சுலின் பேச்சைத் தள்ளி வைத்திருக்கிறோம்.

நேற்று மாலை தாழ்வாரக் கடைசியிலிருந்து ஃபோன் வந்தது. "உங்கள் நோயாளி இல்லை இவர், யாருடைய நோயாளியும் இல்லை. ப்ரெஷர் 190-ஐத் தாண்டியிருக்கிறது, கையோடு அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன்.

ஒரு சின்னக் கேள்வி, குழந்தைகள் பிரிவுத் தங்கைக்கு: ஒரு கையில் டார்ச், ஒரு கையில் உதடு என்றால் நாக்கை அழுத்தும் குச்சியைப் பிடிக்கக் கை இல்லை. தலையில் மாட்டும் விளக்கு வைத்திருக்கிறீர்களா? குழந்தைகள் பயப்படுகிறார்களா? அடுத்த மாதம் உங்கள் தடுப்பூசி தட்டு யோசனையைத் தொடங்கலாம் என்று இருக்கிறோம்.

பதில் 2 எழுதியவர்

ஆமாம் அக்கா, நெற்றி விளக்குதான். முதலில் அணைத்தபடி குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள், அது இரண்டு தடவை போட்டு அணைத்துப் பார்க்கட்டும். அப்புறம் நீங்கள் மாட்டிக்கொண்டால் பயப்படாது. காஸ் துணியை முன்னாலேயே நாலாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சாய்த்த பிறகு மடிக்க நேரம் இருக்காது.